கட்டம் பெரிசாகலாம், கால் இஞ்ச் பெரிசாகக் கூடாது

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், தையல் தொழில் செய்யும் குழுக்களுக்காக நம் உறுப்பினர் ஒருவர் பேசியது. அவர் பேசியபடியே கொஞ்சம் சுருக்கித் தருகிறோம்.)



என்னைப் பேசச் சொன்னதும் கை நடுங்கிவிட்டது. மெஷினில் நடுங்காத கை மைக்கைப் பிடித்தால் நடுங்குகிறது. (சிரிப்பு.) தலைவி அக்கா சொன்னார்கள்: "நீ ஜெயிச்ச கதை ஒண்ணும் சொல்ல வேண்டாம். அந்தப் போர்வை ஆர்டர்ல மாட்டிக்கிட்டீங்கள்ல, அதைச் சொல்லு. அதுதான் மத்த குழுவுக்கு உதவும்." அதனால் அதையே சொல்கிறேன்.

தையல் வேலை செய்யாத அக்காமாருக்கு முதலில் ஒரு வார்த்தை. துண்டுத் துணியில் போர்வை தைப்பது நமக்குப் புதிது இல்லை. நம் பாட்டிமார் பழைய சேலையை நாலாக மடித்து, நூலோட்டி, பிள்ளைக்கு விரித்தார்கள். இப்போது ஆர்டர் வருகிற பேட்ச் ஒர்க் போர்வை வேறு மாதிரி. ஒரு சதுரக் கட்டம். பிளாக் என்று ஆர்டர்காரர்கள் சொல்வார்கள். அதற்குள் நட்சத்திரமோ வீடோ பூவோ இருக்கும். அந்தப் படத்தைக் காகிதத்தில் கோடாகப் போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் 1, 2, 3 என்று நம்பர் கொடுத்திருப்பார்கள். காகிதத்துக்குப் பின்னால் துணியை வைத்து, முன்னால் தெரிகிற கோட்டின் மேலேயே மெஷினை ஓட்ட வேண்டும். தைத்து, விரித்து, அடுத்த துண்டு. இப்படியே நம்பர்படி போக வேண்டும். கடைசியில் காகிதத்தைக் கிழித்து எடுத்துவிடலாம். இஞ்சுக்கு 18, 20 தையல் விழுகிற மாதிரி நெருக்கமாக வைத்தால் காகிதம் சுலபமாகக் கிழிந்து வரும். கோட்டின் மேலேயே தைப்பதால் நட்சத்திர நுனி ஊசி மாதிரி நிற்கும். புதிதாகத் தைக்க வந்த பிள்ளைகூடச் சுத்தமாகத் தைத்துவிடும்.

காகிதம் வைத்துத் துண்டுத் துணி சேர்க்கிற வேலை இங்கிலாந்தில் பழசு. அங்கே 1718 என்று வருஷம் போட்ட ஒரு பட்டுத் துண்டுப் போர்வை இருக்கிறது. உள்ளே வைத்துத் தைத்த காகிதம் இன்னும் அதற்குள்ளேயே இருக்கிறதாம். அது காகிதத்தின் மேல் துணியை மடித்துக் கையால் தைத்தது. மெஷினில் கோட்டின் மேல் ஓட்டுகிற நம் முறை பிறகு வந்தது. சரி, கதைக்கு வருகிறேன்.

எங்கள் குழுவுக்கு ஒரு வெளியூர் வியாபாரியிடமிருந்து பத்துப் போர்வைக்கு ஆர்டர் வந்தது. பிள்ளைகள் போர்வை. 36 இஞ்ச் அகலம், 54 இஞ்ச் நீளம். நட்சத்திரக் கட்டம். அவர் கொடுத்த காகிதத்தில் இருந்தது 6 இஞ்ச் கட்டம். "எனக்கு 9 இஞ்ச் வேணும், நீங்களே பெரிசு பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குறுக்கே நாலு, நெடுக்கே ஆறு, ஆக ஒரு போர்வைக்கு 24 கட்டம். பத்துப் போர்வைக்கு 240. துணி வாங்கச் சங்கத்தில் 18 ஆயிரம் கடன் எடுத்தோம்.

காகிதத்தைப் பெரிசாக்கினது நான்தான். ஆறு எங்கே, ஒன்பது எங்கே, ஒன்றரை மடங்கு. டவுனுக்குப் போய் ஜெராக்ஸ் கடையில் "150 வச்சு எடுத்துக் கொடு தம்பி" என்று எடுத்து வந்தேன். அந்தக் கணக்கில் தப்பே இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் 150 என்றுதான் சொல்வேன். தப்பு வேறு இடத்தில் இருந்தது.

அந்தக் காகிதத்தில் வெளியே ரெண்டு சதுரம் இருக்கும். உள் சதுரம் 6 இஞ்ச், தைத்து முடிந்தபின் கண்ணுக்குத் தெரிகிற அளவு. அதைச் சுற்றிக் கால் இஞ்ச் தள்ளிப் புள்ளிக் கோட்டில் இன்னொரு சதுரம், வெட்டுகிற அளவு. ரெண்டு பக்கமும் கால் கால் சேர்த்து ஆறரை. ஒரு கட்டத்தை இன்னொரு கட்டத்தோடு சேர்க்கும்போது உள்ளே போகிற துணி அது. ஜெராக்ஸ் மெஷினுக்கு எது படம், எது தையலுக்கு விட்ட துணி என்று தெரியுமா? அது எல்லாவற்றையும் ஒன்றரை மடங்காக்கிவிட்டது. ஆறு ஒன்பதானது. கால் இஞ்ச், அதாவது கொத்தனார் கணக்கில் ரெண்டு நூல், மூணு நூலானது. வெளிச் சதுரம் ஒன்பதரை வர வேண்டியது, ஒன்பதே முக்கால் வந்தது. அதை நான் அளந்து பார்க்கவில்லை.

அஞ்சு பேர் தைத்தோம். ஆளுக்கு ரெண்டு போர்வை, அவரவர் வீட்டில். எல்லாரும் வெளிக்கோட்டில் சரியாகத்தான் வெட்டினார்கள். கட்டத்தோடு கட்டம் சேர்க்கும்போது ரெண்டு பேர் காகிதத்தில் தெரிந்த உள்கோட்டைப் பார்த்துத் தைத்தார்கள். அவர்களுக்குக் கட்டம் 9 வந்தது. மற்ற மூணு பேர், நான் உள்பட, துணி ஓரத்தை மெஷின் பாதத்தின் ஓரத்தோடு ஒட்டிவைத்துக் கால் இஞ்சில் தைத்தோம். கை அப்படித்தானே பழகியிருக்கு! எங்களுக்குக் கட்டம் ஒன்பதே கால் வந்தது.

கால் இஞ்ச்தானே என்று நினைக்காதீர்கள். ஒரு கட்டத்துக்குக் கால் என்றால் நாலு கட்டத்துக்கு ஒரு இஞ்ச். ஆறு கட்டத்துக்கு ஒன்றரை. ஆறு போர்வை 37-க்கு ஐம்பத்தஞ்சரையாக வந்தது. நாலு போர்வை 36-க்கு 54, சரியான அளவு. ஓரத்துக்கு வைக்கிற பட்டியை எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் முன்னாடியே வெட்டி வைத்திருந்தோம். அது பெரிய போர்வைக்கு எட்டவில்லை. இழுத்துப் பிடித்துத் தைத்ததும் போர்வை சுருங்கி அலை அலையாக நின்றது. போதாததற்கு நட்சத்திர நுனி தையலைத் தொடாமல் அரைக்கால் இஞ்ச் தள்ளியே நின்றுவிட்டது.

வியாபாரி நாலை எடுத்துக்கொண்டு ஆறைத் திருப்பிவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அளவு சொன்னார், நாம் கொடுக்கவில்லை.

வீட்டில் ஆறு போர்வை கிடந்ததைவிடக் கஷ்டமாக இருந்தது அடுத்த வாரக் கூட்டம். சரியாகத் தைத்த ரெண்டு பேரும், "எங்க கூலியைக் கொடுத்திடுங்க, மத்தவங்க தப்புக்கு நாங்க பொறுப்பில்லை" என்றார்கள். எங்களில் ஒருத்தி, "பாதத்து ஓரத்துல தைக்கணும்னு சொல்லிக் கொடுத்ததே இவங்கதானே" என்று என்னைக் கை காட்டினாள். ரெண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். பத்து வருஷமாக ஒன்றாக உட்கார்ந்து சேமிப்பு கட்டினவர்கள், அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனோம்.

கடைசியில் ஊக்குநர் ஒரு கேள்வி கேட்டார்: "கோட்டுல தைச்சா ஒரு அளவு, ஓரத்துல தைச்சா வேற அளவு வர்ற காகிதத்தைக் கொடுத்தா, அது தைச்சவங்க தப்பா, காகிதத்துத் தப்பா?" காகிதத்தின் தப்பு என்று தீர்மானம் எழுதினோம். அஞ்சு பேருக்கும் கூலி கொடுத்தோம். லாபம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை. ஆறு போர்வையை உள்ளூரிலேயே குறைத்து விற்றோம். கடன் மூணு தவணை தள்ளிப்போனது. இதுதான் நடந்தது.

இனி வேலையைச் சொல்கிறேன். எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

எத்தனை சதவீதம் என்று கண்டுபிடிக்க: வேண்டிய அளவை இருக்கிற அளவால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். ரெண்டுமே தைத்து முடிந்த அளவாக இருக்க வேண்டும், வெட்டுகிற அளவு கூடாது. 6 இருக்கு 9 வேணும் என்றால் 150. 6 இருக்கு 8 வேணும் என்றால் 133. 12 இருக்கு 9 வேணும் என்றால் 75. சிலர் என்ன செய்கிறார்கள், ஆறரையை ஒன்பதரை ஆக்கலாம் என்று வெட்டுகிற அளவை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அப்படிப் போட்டால் 146 வரும். வெளிக்கோடு ஒன்பதரை சரியாக இருக்கும், உள்ளே படம் ஒன்பதுக்குக் கால் இஞ்ச் குறைந்துவிடும். பார்த்தால் எல்லாம் சரி மாதிரியே தெரியும். அதுதான் ஆபத்து.

ஜெராக்ஸ் எடுத்து வந்ததும் முதல் வேலை, வெளிப் புள்ளிக் கோட்டைப் பேனாவால் அடித்துவிடுங்கள். இருக்கவே கூடாது. உள் சதுரத்தை அளந்து 9 வருகிறதா பாருங்கள். அதற்கு வெளியே ஸ்கேலை வைத்து, சுற்றிலும் கால் இஞ்சில் புதுக்கோடு போடுங்கள். கட்டம் 3 இஞ்சானாலும் 15 இஞ்சானாலும் அந்தக் கால் இஞ்ச் கால் இஞ்ச்தான். சின்னதாக்கும்போது இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 6 இஞ்சை 4 ஆக்கினால் கால் இஞ்ச் ஒன்றரை நூலுக்கும் குறைந்துபோகும். பிள்ளை ரெண்டு தடவை தூக்கிப் போட்டு விளையாடினால் தையல் விட்டுக்கொள்ளும்.

பெரிய படத்தை ரெண்டு மூணு பாகமாகக் கொடுத்திருப்பார்கள். அ பாகம், ஆ பாகம் என்று தனித்தனியாகத் தைத்துப் பிறகு சேர்ப்பது. ஒவ்வொரு பாகத்தைச் சுற்றியும் அதே மாதிரி கால் இஞ்ச் இருக்கும். அங்கேயும் அழித்துப் புதிதாகப் போட வேண்டும். இதை மறந்துவிட்டு வெளியே மட்டும் சரிசெய்கிறவர்கள் உண்டு.

துணிப் பட்டி வெட்டுகிற அளவுக்கும் இதே கணக்குதான். ரெண்டு இஞ்ச் பட்டி என்று போட்டிருந்தால் அதை ஒன்றரை மடங்காக்கி மூணு என்று வெட்டாதீர்கள். முதலில் தையலுக்கு விட்ட அரை இஞ்சைக் கழியுங்கள், ஒன்றரை. அதை ஒன்றரை மடங்காக்கினால் ரெண்டேகால். மறுபடி அரையைக் கூட்டினால் ரெண்டே முக்கால். மூணுக்கும் ரெண்டே முக்காலுக்கும் வித்தியாசம் ஒரு பட்டிக்குக் கால் இஞ்ச். ஒரு போர்வையில் எத்தனை பட்டி! துணிக்காசு அங்கேதான் கரைகிறது. சின்னதாக்கும்போது தலைகீழ். ரெண்டைப் பாதியாக்கி ஒண்ணு என்று வெட்டினால் துணி எட்டாது. ஒண்ணேகால் வேணும்.

ஒரு தங்கச்சி முன்னாடியே கேட்டார், "ஜாக்கெட்டுக்கும் இப்படி ஜெராக்ஸ் போடலாமாக்கா?" என்று. கூடாதம்மா. 32 ஜாக்கெட் பேப்பரை 36 ஆக்கினால் உயரமும் சேர்ந்து போகும். 15 இஞ்ச் உயரம் கிட்டத்தட்ட 17 ஆகிவிடும். உடம்பு அகலத்தில் கூடினால் உயரத்தில் அதே மாதிரி கூடுகிறதா? தோள்பட்டை அப்படிக் கூடுகிறதா? ஜாக்கெட்டுக்கு இடம் இடமாக அளவு மாற்ற வேண்டும். போர்வைக் கட்டம் உடம்பு இல்லை, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கூட வேண்டும். நல்ல தையல்காரர்களே இதில் ஏமாறுவது இதனால்தான். ஜாக்கெட் பழக்கத்தில் "அகலத்துல கொஞ்சம், நீளத்துல கொஞ்சம்" என்று கையால் கூட்டுகிறார்கள். நட்சத்திரம் கோணிப் போகிறது.

ஜெராக்ஸ் கடையைப் பற்றி. அங்கே இருக்கிற தம்பி "பெரிசு பண்ணணுமா" என்று கேட்டு, ஏ4-ஐ ஏ3 ஆக்குகிற பட்டனை அமுக்கிவிடுவார். அது 141. உங்கள் 6 இஞ்ச் எட்டரைக்குக் கொஞ்சம் குறைவாக வந்து நிற்கும். எனவே "பெரிசு பண்ணு" என்று சொல்லாதீர்கள், "150" என்று நம்பரைச் சொல்லுங்கள். சதவீதத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பது இன்னும் நல்லது. ஏ4 காகிதத்தின் அகலம் எட்டேகால் இஞ்ச்தான், 9 இஞ்ச் கட்டம் அதில் அடங்காது. ஏ3 காகிதம் கேளுங்கள். அது இல்லாத கடையில் படத்தின் நடுவே ஒரு கோடு போட்டு, கோட்டின் குறுக்கே ரெண்டு இடத்தில் சின்னக் குறி வைத்து, பாதி பாதியாக எடுத்துக் குறியோடு குறி சேர்த்து ஒட்டுங்கள்.

சில மெஷின் 200-க்கு மேல் போகாது. 4 இஞ்சை 10 ஆக்க 250 வேணும். அப்போது ரெண்டு தடவை எடுக்க வேண்டும். முதல் தடவை 200. அடுத்தது எவ்வளவு? (கூட்டத்தில் சிலர்: "ஐம்பது!", "நூத்தி ஐம்பது!") பாருங்கள், நானும் இதையேதான் முதலில் நினைத்தேன். 150 வைத்தால் 12 இஞ்ச் வந்துவிடும். நாமெல்லாம் வட்டி கட்டினவர்கள். வட்டிக்கு வட்டி எப்படி? முதலுக்கு மட்டும் இல்லை, ஏறின வட்டிக்கும் சேர்த்துத்தானே போடுவான். அதே கதைதான். 200-ல் எடுத்ததும் கையில் இருப்பது 4 இஞ்ச் இல்லை, 8 இஞ்ச். எட்டைப் பத்தாக்க 125 போதும்.

பெரிசாக்கி, சரிபார்த்து, கால் இஞ்ச் கோடு போட்ட காகிதம் ஒன்றே ஒன்றுதான் தாய்க் காகிதம். 240 கட்டத்துக்கும் அதிலிருந்துதான் 100 சதவீதத்தில் எடுக்க வேண்டும். பிரதியிலிருந்து பிரதி எடுத்தால் ஒவ்வொரு தடவையும் மெஷின் கொஞ்சம் கொஞ்சமாக அளவை மாற்றிக்கொண்டே போகும். செல்போனில் வருகிற படத்தைப் பிரிண்ட் போடுகிறவர்கள், ‘ஃபிட் டு பேஜ்’ என்பது விழாமல் 100 சதவீதத்தில் போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு மூலையில் ஒரு இஞ்ச் சதுரம் கொடுத்திருப்பார்கள். முதலில் அதை அளந்து பாருங்கள்.

எல்லா ஊரிலும் ஜெராக்ஸ் கடை இல்லை, இருந்தாலும் கரண்ட் இருக்க வேண்டும். அதற்கு நமக்கு ஒரு வழி தெரியும், கோலம். 7-க்கு 7 புள்ளிக் கோலத்தை வாசலில் சின்னதாகவும் போடுகிறோம், மார்கழி மாசம் தெருவை அடைத்துப் பெரிசாகவும் போடுகிறோம். புள்ளி எண்ணிக்கை மாறவில்லை, இடைவெளிதான் மாறுகிறது. இங்கேயும் அதேதான். 6 இஞ்ச் படத்தின் மேல் ஒரு இஞ்சுக்கு ஒரு புள்ளி வையுங்கள், குறுக்கே ஏழு, நெடுக்கே ஏழு. பெரிய சார்ட் காகிதத்தில் ஒன்றரை இஞ்சுக்கு ஒரு புள்ளி, அதே ஏழுக்கு ஏழு. சின்னதில் கோடு எந்தப் புள்ளியில் ஆரம்பித்து எந்தப் புள்ளியில் முடிகிறதோ, பெரிசிலும் அப்படியே ஸ்கேலால் இழுங்கள். கோடு ரெண்டு புள்ளிக்கு நடுவில் முடிந்தால் பெரிசிலும் நடுவில் முடியட்டும். நேர்க்கோடுகள்தானே, கோலத்தைவிடச் சுலபம். எங்கள் குழுவில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அக்கா, கால்குலேட்டர் வைத்திருக்கிற எங்களைவிடச் சுத்தமாக இதைச் செய்கிறார்.

இனி காசு விஷயம். எந்த அளவு என்று ஒப்புக்கொள்ளும் முன்னாடி இதைப் பாருங்கள். கட்டம் ஒன்றரை மடங்கு ஆனால் துணியும் ஒன்றரை மடங்கு என்று விலை சொல்லிவிடாதீர்கள். ஆறரைக்கு ஆறரை என்றால் 42 சதுர இஞ்ச். ஒன்பதரைக்கு ஒன்பதரை என்றால் 90. ரெண்டு மடங்குக்கு மேலே. உள்ளே துண்டுகளின் தையலில் போகிற துணி தனி. ஆனால் முழுப் போர்வைக்குப் பார்த்தால் வேறு கணக்கு. அதே 36-க்கு 54 போர்வைக்கு 6 இஞ்ச் கட்டம் 54 வேணும், 9 இஞ்ச் கட்டம் 24 போதும். மொத்தத் துணி கிட்டத்தட்ட ஒன்றுதான், தையல் குறைவதால் 9 இஞ்சில் கொஞ்சம் மிச்சமே ஆகும்.

கூலிதான் சண்டை வருகிற இடம். கட்டத்துக்குப் பத்து ரூபாய் என்று பேசியிருந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 6 இஞ்சில் ஒரு போர்வைக்கு 540 கிடைத்தது. அதே ரேட்டில் 9 இஞ்சுக்கு 240 தான். தைக்கிற நீளம் பாதிக்கும் கீழே போய்விடுகிறதா? இல்லை. ஒவ்வொரு தையலும் ஒன்றரை மடங்கு நீளம். மொத்தம் மூணில் ரெண்டு பங்கு இருக்கும். நீளத்தை மட்டும் பார்த்தால் கட்டத்துக்கு 15 ரூபாய் வர வேண்டும். துண்டு எடுத்து வைப்பது, விரித்துத் தேய்ப்பது, காகிதம் கிழிப்பது எல்லாம் கட்டத்துக்கு ஒரு தடவைதான், அது குறைகிறது. அதனால் நாங்கள் பத்துக்கும் பதினைந்துக்கும் நடுவில், 13, 14 என்று பேசி வைத்தோம். இதை முதல் நாளே தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள். தைத்து முடித்தபின் பேசினால் யாருக்கும் நிறைவாக இருக்காது.

எப்போதும் பெரிசாக்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. 36-க்கு 54 தைத்துப் பழகின குழுவிடம் 40-க்கு 60 கேட்கிறார்கள் என்று வையுங்கள். கட்டத்தை 10 இஞ்ச் ஆக்கலாம், 167 சதவீதம், புதுத் தாய்க் காகிதம், எல்லாருக்கும் புது அளவு. அல்லது 9 இஞ்சையே வைத்துக்கொண்டு, ரெண்டு பக்கமும் ரெண்டு இஞ்ச், மேலே கீழே மூணு மூணு இஞ்ச் ஓரப்பட்டி கொடுத்தால் அளவு வந்துவிடும். என்னைக் கேட்டால் பட்டிதான். பழகின கை, பழகின காகிதம், தப்பு வர வழியில்லை.

சின்னதாக்குவதற்கும் ஒரு எல்லை உண்டு. அரை இஞ்ச் துண்டைப் பாதியாக்கினால் முன்பக்கம் தெரிவது கால் இஞ்ச். பின்பக்கம் ரெண்டு ஓரத்திலும் கால் கால் மடிந்து கிடக்கும். மூணு நாலு துண்டு சேர்கிற இடம் கல் மாதிரி ஆகிவிடும், ஊசி உடையும். அப்படி வந்தால் "இந்தப் படம் இந்த அளவுக்கு வராதுங்க, வேற படம் கொடுங்க" என்று ஆர்டர்காரரிடமே சொல்லிவிடுங்கள். பனியன் வெட்டுத் துணியும் இந்த வேலைக்கு ஆரம்பத்தில் வேண்டாம். காகிதம் இருக்கிறவரை அடங்கி இருக்கும், கிழித்ததும் இழுபடும். பாவு ஊடையாக நெய்த பருத்தித் துணியே நல்லது.

நம்மைப் போலவே ஒரு சங்கத்தைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் வில்காக்ஸ் என்று ஒரு மாவட்டம். பருத்திக் காட்டு ஊர்கள். ஓட்டுரிமைக்காகக் கறுப்பின மக்கள் போராடிய காலத்தில், 1966-ல், அங்கிருந்த கறுப்பினப் பெண்கள் ‘ஃப்ரீடம் குயில்டிங் பீ’ என்று ஒரு கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள். வீட்டில் கிழிந்த வேலைத்துணியில் போர்வை தைத்தவர்கள், நியூயார்க் கடைகளுக்குத் தைத்து அனுப்பினார்கள். 1972-ல் சியர்ஸ் என்கிற பெரிய கம்பெனிக்குத் தலையணை உறை தைக்கிற ஆர்டர் வாங்கினார்கள். வீட்டுக்குத் தைக்கும்போது அவர்களுக்கு ஸ்கேல் கிடையாது, கண்ணளவுதான். கடைக்கு என்றதும் ஒன்று போல ஒன்று இருந்தாக வேண்டும். கை வைத்த இடத்தில் மனசு போகிறபடி தைத்துப் பழகினவர்களுக்கு அது லேசான காரியமாக இருந்திருக்காது. அந்தச் சங்கம் 2012 வரை இருந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே பக்கத்து ஜீஸ் பெண்ட் என்கிற ஊர்ப் பெண்கள் கண்ணளவில், கோணலும் மாணலுமாக, வீட்டுக்குத் தைத்த போர்வைகள் 2002-ல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் மியூசியத்தில் மாட்டி வைக்கப்பட்டன. அதனால் உங்கள் பேரப்பிள்ளைக்குத் தைக்கும்போது இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், இஷ்டப்படி தையுங்கள். அஞ்சு பேர் அஞ்சு வீட்டில் தைத்து ஒரே போர்வையாக வர வேண்டும் என்றால்தான் இது வேணும்.

இப்போது எங்கள் குழுவில் என்ன செய்கிறோம் என்றால், தாய்க் காகிதத்தில் அளவும் தேதியும் எழுதி ஊக்குநர் கையெழுத்துப் போட்டு, தீர்மான நோட்டுக்குள் வைத்துவிடுகிறோம். ஆளுக்கு ஒரு கட்டம் முதலில் தைத்துக் கொண்டுவர வேண்டும். காகிதத்தைக் கிழிக்காமலே கொண்டுவர வேண்டும். மேஜையில் வைத்து நாலு பக்கமும் அளக்கிறோம், ஒன்பதரை. மூலைக்கு மூலை ரெண்டு பக்கமும் அளக்கிறோம், ரெண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு ஒருத்தி தைத்ததையும் இன்னொருத்தி தைத்ததையும் சேர்த்துத் தைத்துப் பார்க்கிறோம். பொருந்தினால்தான் துணி பிரித்துக் கொடுப்போம். அன்றைக்குக் கூலி கேட்டுச் சண்டை போட்ட ரெண்டு பேரில் ஒருத்திதான் இப்போது அளக்கிறவள். நான் கொண்டுபோகிற கட்டத்தையும் விடமாட்டாள், டேப்பை ரெண்டு தடவை வைத்துப் பார்ப்பாள்.

பேசினது போதும். பொருளாளர் அக்கா ஆளுக்கு ஒரு காகிதம் கொடுத்திருக்கிறார். அதில் 5 இஞ்ச் கட்டம் ஒன்று இருக்கிறது. சுற்றிக் கால் இஞ்ச் புள்ளிக் கோடும் இருக்கிறது. இதை 8 இஞ்ச் ஆக்க வேணும். எத்தனை சதவீதம் என்று கண்டுபிடித்து, வெட்டுகிற அளவு எவ்வளவு என்றும் பக்கத்திலேயே எழுதுங்கள். அஞ்சு நிமிஷம் கழித்து நான் வரிசையாக வந்து பார்க்கிறேன். ஸ்கேல் இல்லாதவர்கள் பக்கத்து அக்காவிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.